அறுபதுக்குப் பின் ஒரு மைதானம்

மூத்த வயதில் போட்டிக்காகத் தேகத்தைப் பழக்குவது எப்படி என்பதையும், அதற்காக வன்னியின் ஊர்கள் செய்யவேண்டியது யாது என்பதையும் ஆராயும் சிறப்புக் கட்டுரை

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பிலிப்பைன்ஸ் தேசத்திலே நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில், முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையைச் சேர்ந்தவரும் அப்போது 72 வயதினருமாகிய அகிலத்திருநாயகி சிறிசெயானந்தபவன் அவர்கள், 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கப் பதக்கங்களையும், 800 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கத்தையும் பெற்றுத் திரும்பினார் என்ற செய்தி வந்தபோது, வன்னி மக்கள் அதனைத் தம் வீட்டுச் செய்தியாகவே கொண்டாடினார்கள். வாழ்த்தினார்கள், பாராட்டினார்கள், பத்திரிகைகளில் அவர் படத்தைக் கண்டு மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சி நியாயமானது. ஆயினும், ஒருவர் செய்து காட்டிய காரியத்தைப் பலர் செய்யக்கூடிய காரியமாக மாற்றுவதற்கு ஓர் ஊர் என்ன செய்யவேண்டும் என்ற கேள்வியை, அந்த மகிழ்ச்சியோடு சேர்த்து நாம் இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை. அதைக் கேட்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்தப் பதக்கங்களுக்குள் அடங்கியிருக்கும் உழைப்பின் அளவை நோக்குவோம். 1500 மீற்றர் என்பது 400 மீற்றர் ஓடுபாதையை மூன்றே முக்கால் தடவை சுற்றுவதாகும். 5000 மீற்றர் என்பது பன்னிரண்டரைச் சுற்று. வேகநடையின் விதியோ ஓட்டத்தின் விதியைவிடக் கண்டிப்பானது. இரண்டு பாதங்களும் ஒருங்கே நிலத்தை விட்டு நீங்கியதாக நடுவரின் கண்ணுக்குத் தோன்றலாகாது. முன்வைத்த கால், குதிக்கால் நிலத்தைத் தொட்ட கணம் முதல் உடம்பு அதன்மேல் செங்குத்தாக வந்து நிற்கும் கணம் வரையில், முழங்காலில் மடியாமல் நீண்டிருக்க வேண்டும். இளைஞர்களே இடுப்பைச் சுழற்றத் தெரியாமல் திணறும் இந்த வித்தையை, எழுபது கடந்த ஒருவர் பன்னிரண்டரைச் சுற்று முழுவதும் பிசகாமல் காத்து முதலாவதாக வருவது, அதிர்ஷ்டத்தால் நேர்வதன்று, அப்பியாசத்தால் நேர்வது.

உலகமெங்கும் இத்தகைய அப்பியாசத்துக்கு ஒரு களம் உண்டு. 1975இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் மூத்தோருக்கான முதலாவது உலக மெய்வல்லுநர் போட்டி நடந்தது. அந்த விளையாட்டில் 35 வயதுக்கு மேற்பட்டோர் ஐந்தைந்து வயதுப் பிரிவுகளாக வகுக்கப்பட்டுத் தம் வயதினரோடு மட்டுமே போட்டியிடுகிறார்கள். குண்டெறிதலில் ஆண்களுக்குரிய குண்டின் நிறை 60 வயதில் 5 கிலோவாகவும், 70 வயதில் 4 கிலோவாகவும், 80 வயதில் 3 கிலோவாகவும் குறைகிறது. முதுமையை மறுப்பதற்காகவோ அதன்மேல் இரங்குவதற்காகவோ இந்த ஏற்பாடு செய்யப்படவில்லை. முதுமையை அளந்து, அந்த அளவுக்குள் ஒருவர் எட்டக்கூடிய உச்சம் எதுவோ அதை அவரிடமிருந்து கேட்பதற்காகவே செய்யப்பட்டிருக்கிறது.

உழைப்பு வேறு, அப்பியாசம் வேறு

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவை நோக்கிக் கிழக்கே செல்லும் ஏ-35 வீதியில் சில கிலோமீற்றர் தூரம் சென்றால், இரணைமடுக் குளத்து நீரால் விளையும் வயல்களின் நடுவே முரசுமோட்டை என்ற ஊர் இருக்கிறது. கண்டாவளைப் பிரதேச செயலர் பிரிவுக்குள் அடங்கிய இவ்வூரில், வயலும் வாய்க்காலும் முருகானந்தா என்ற பெயர் தாங்கிய கல்விக்கூடமும் அன்றாட வாழ்வின் எல்லைகளாக நிற்கின்றன. இங்கே அறுபது வயதைத் தாண்டிய ஓர் ஆணையோ பெண்ணையோ பார்த்து, உங்கள் தேகத்துக்குப் பயிற்சி வேண்டும் என்று சொன்னால், பிறந்த நாள் முதல் மண்ணோடு மல்லுக்கட்டிய எங்களுக்கு இனியென்ன பயிற்சி என்ற மறுமொழியே வரும். அந்த மறுமொழியில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை இல்லை.

ஒரு காலத்தில் அருவி வெட்டும், சூடு வைத்து மிதித்தலும், மூடை சுமத்தலும், வரம்பு கட்டலும், தண்ணீர் இறைத்தலும் ஆகிய வேலைகள் ஒருவருடைய தேகத்தின் ஒவ்வொரு தசையையும் தத்தம் பருவத்தில் உழைக்க வைத்தன. இன்றோ வெட்டு இயந்திரம் வயலில் இறங்கிச் சில மணி நேரத்தில் அருவியும் சூடும் ஆகிய இரண்டு வேலைகளையும் முடித்துவிடுகிறது, உழவு இயந்திரம் உழுகிறது, நீர்ப்பம்பி இறைக்கிறது, சந்திக்குப் போய்வர மோட்டார் சைக்கிள் இருக்கிறது. இந்த வசதிகளை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை, ஏனெனில் பழைய உழைப்பின் கொடுமையை அனுபவித்தவர்களே அதிலிருந்து விடுதலையை நாடினார்கள். ஆனால் உழைப்பு விலகிய இடத்தில் வேறொன்றும் வந்து சேரவில்லை என்பதையும், இருபது வயதில் மூடை தூக்கிய தோள் அறுபது வயதிலும் அதே தோளாக இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம் என்பதையும் நாம் கவனிக்கத் தவறிவிட்டோம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. வயல் வேலை தேகத்தை ஒரே திசையில் வளைக்கிறது: குனிந்தபடி மணிக்கணக்காக நிற்கச் செய்கிறது, நாரியை வருத்துகிறது, களைத்த பின்னும் ஓய்வு கொடுப்பதில்லை. அப்பியாசமோ அளவோடு சுமையை ஏற்றி, அதன் பின் போதிய ஓய்வைக் கொடுத்து, அந்த ஓய்வில் தேகம் தன்னைத் திருத்திக்கொண்ட பிறகு சுமையை இன்னும் சிறிது கூட்டுகிறது. சுமை, ஓய்வு, சிறு ஏற்றம் என்ற இந்த மூன்றின் ஒழுங்குதான் பயிற்சி எனப்படுவது. உழைப்பில் முதலாவது மட்டுமே உண்டு. மற்ற இரண்டும் இல்லை. ஆகையினால் வாழ்நாள் முழுவதும் உழைத்தவர் பயிற்சி பெற்றவர் ஆகிவிடார். ஆனால் பயிற்சியை ஏற்க மற்ற எவரையும்விடத் தகுதி வாய்ந்தவர் ஆவார்.

இதற்கு உலகமே சாட்சி சொல்கிறது. 2017இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் தொடங்கிய ஹைரொக்ஸ் என்ற உடற்றகுதிப் போட்டியில், ஒரு கிலோமீற்றர் ஓட்டம் எட்டுத் தடவையும், ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னும் ஒரு பலப் பரீட்சையும் வைக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று இரு கைகளிலும் பாரத்தைத் தூக்கிக்கொண்டு 200 மீற்றர் நடப்பது. பொதுப் பிரிவில் ஆணுக்குக் கைக்கு 24 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ. மற்றொன்று மணல் நிரம்பிய பையைத் தோளில் சுமந்து, முழங்கால் நிலத்தில் படும்படி தாழ்ந்து தாழ்ந்து 100 மீற்றர் செல்வது. கிராஸ்ஃபிட் என்ற மற்றோர் உடற்றகுதிப் போட்டியிலும் 2010 முதல் மூத்தோருக்குத் தனிப் பிரிவு நடத்தப்படுகிறது. பெருநகரங்களின் குளிரூட்டப்பட்ட மண்டபங்களில் மக்கள் பணம் கொடுத்துப் பழகும் இந்தச் சுமைநடையும் மூடைநடையும், வன்னியின் ஒவ்வொரு வளவிலும் காலங்காலமாக நடந்து வந்தவையே.

வழி காட்டியவர்கள்

தமிழ்நாட்டில் பொள்ளாச்சியைச் சேர்ந்த கிட்டம்மாள் என்ற மூதாட்டியார், வீட்டில் அரிசி மூடைகளைத் தூக்கிப் பழகிய கையோடு, பாரம் தூக்கும் தம் பேரப்பிள்ளைகளைப் பின்பற்றிப் பயிற்சியில் இறங்கி, 2024இல் தமது 82ஆவது வயதில் கோவையில் நடந்த போட்டியொன்றில் இளம் பெண்களோடு நின்று 50 கிலோ பாரத்தை நிலத்திலிருந்து எடுத்து ஐந்தாமிடம் பெற்றார். அந்தத் தூக்கலை அருகிலிருந்து பார்த்தால் அதன் நுட்பம் விளங்கும். பாரம் கால்களுக்கு அணித்தாக இருக்கிறது. முதுகு கூன்படாமல் நீண்டிருக்கிறது. இடுப்பு பின்னே சென்று தாழ்கிறது. பாதங்கள் நிலத்தை அழுத்த, இடுப்பும் முழங்காலும் ஒருங்கே நிமிர்கின்றன. பாரம் தொடையை உரசியபடி எழுகிறது. நாரியால் இழுத்துத் தூக்குபவர் நோவோடு வீடு திரும்புவார். இடுப்பால் தூக்குபவர் மறுவாரமும் வருவார். மூடை தூக்கும் ஒவ்வொருவருக்கும் இந்த ஒரு பாடமே ஒரு வைத்தியம்.

பஞ்சாபைச் சேர்ந்த மான் கௌர் அம்மையார் 93ஆவது வயதிலே தம் மகனின் தூண்டுதலால் ஓடத் தொடங்கி, 2017இல் நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரில் நடந்த உலக மூத்தோர் விளையாட்டு விழாவில், 101 வயதில் 100 மீற்றரை 74 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார். கனடாவில் வாழ்ந்த எட் விற்லொக் என்பவர் 2004இல், 73 வயதில், முழு மரதன் தூரத்தை 2 மணி 54 நிமிடம் 48 செக்கனில் ஓடி முடித்தார். 85ஆவது வயதிலும் அதே தூரத்தை நான்கு மணி நேரத்துக்குள் ஓடினார். இவருடைய பயிற்சிக் கூடம் எது என்றால், வீட்டுக்கு அருகிலிருந்த ஓர் இடுகாட்டின் பாதைதான். அங்கே மெதுவாக, மணிக்கணக்காக, நாள் தவறாமல் சுற்றிச் சுற்றி ஓடினார். பயிற்சியாளரும் உபகரணமும் இன்றி இவ்வளவு முடியும் என்றால், வாய்க்கால் கரையும் வயல் வரம்பும் உடைய முரசுமோட்டைக்கு என்ன குறை?

இவர்கள் யாவரினும் வன்னி மக்களின் நெஞ்சுக்கு நெருக்கமானவர் பௌஜா சிங் அவர்களே என்று சொல்லத் தோன்றுகிறது. மனைவியை இழந்து, கண்முன்னே ஒரு மகனையும் இழந்து, ஊரை விட்டு இலண்டனில் வாழ நேர்ந்த அந்த விவசாயி, துக்கத்தைத் தாங்கும் உபாயமாக ஓட்டத்தைப் பற்றிக்கொண்டு, 89ஆவது வயதில் தமது முதலாவது மரதனை ஓடினார். 2011இல் 100 வயதினராக ரொறன்ரோவில் மரதன் தூரத்தை எட்டு மணி நேரத்துக்குச் சிறிது கூடுதலாக எடுத்து நிறைவு செய்தபோது, பிறப்புச் சான்றிதழ் இல்லாத காரணத்தால் கின்னஸ் நிறுவனம் அதனைச் சாதனையாகப் பதிவு செய்யவில்லை. 2025 ஜூலையில் சொந்த ஊரின் அருகே வாகனம் மோதி அவர் காலமானார். இழப்பின் பாரம், இடப்பெயர்வு, தொலைந்த பத்திரங்கள் என்ற மூன்றையும் அறிந்த நம் மண்ணில், அவர் கதைக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

தேகத்தின் கணக்கு

மூப்பு தேகத்திலிருந்து எதைக் கொண்டுபோகிறது, எதைக் கொண்டுபோக முடிவதில்லை என்பதைச் சரீர சாஸ்திரம் இன்று ஓரளவு தெளிவாகச் சொல்கிறது. முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசையின் அளவு குறைகிறது. அறுபதுக்குப் பின் அந்தக் குறைவு விரைவாகிறது. அதிலும், விரைந்து சுருங்கும் தசைநார்களே முதலில் க்ஷீணிப்பதால், பலத்தைவிட வேகமும், வேகத்தைவிடத் தடுக்கி விழும்போது சட்டென்று காலை ஊன்றித் தப்பும் ஆற்றலும் முந்திப் போகின்றன. இதயத்தின் உச்சத் துடிப்பும் வயதோடு இறங்குகிறது. 208இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழித்தால் கிடைக்கும் எண் அதன் உத்தேச அளவு. 65 வயதினருக்கு அது ஏறத்தாழ 162. தேகம் பிராணவாயுவை உட்கொண்டு பயன்படுத்தும் உச்ச அளவு, பயிற்சியின்றி இருப்பவரில் பத்தாண்டுக்குப் பத்து சதவீதம் அளவில் விழுகிறது. இடைவிடாது கடும் பயிற்சி செய்பவரிலோ அந்த வீழ்ச்சி ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது.

இவற்றுள் மிகுந்த நம்பிக்கை தருவது தசையைப் பற்றிய செய்திதான். 1990இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேரை எடுத்து, எட்டு வாரம் கால்களுக்குப் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் காற்பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது; ஊன்றுகோலை விட்டு நடந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். தொண்ணூறு வயதிலும் தசை, கேட்ட வேலைக்கு ஏற்பத் தன்னை வளர்த்துக்கொள்ளும் சுபாவத்தை இழக்கவில்லை என்பது அன்று ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாயிற்று. இனி "வயது போய்விட்டது" என்ற சொல்லை, தொடங்காமைக்கு ஒரு காரணமாக யாரும் சொல்ல இயலாது.

ஆனால் ஒரு கட்டுப்பாட்டை இங்கே வற்புறுத்த வேண்டும். இளமையில் ஓர் இரவுத் தூக்கம் திருத்திவிடும் களைப்பை, அறுபதில் திருத்த இரண்டு மூன்று நாட்கள் செல்லும். தசை விரைவில் பலம் பெற்றாலும், அதனை எலும்போடு பிணைக்கும் நாண்கள் மெல்லவே பலம் பெறும். ஆகவே மூத்த வயதினர் பலர் காயமடைவது பயிற்சி கடினமாக இருப்பதால் அல்ல. தேகம் ஆயத்தமாகும் முன் அடுத்த பயிற்சிக்கு அவசரப்படுவதால்தான். மூத்த போட்டியாளரின் பயிற்சியில் ஓய்வு பாதிப் பங்கு. அதனை வெற்று நாள் என்று எண்ணாமல், பயிற்சி நாளைப் போலவே குறித்து வைத்துக் கடைப்பிடிக்க வேண்டும்.

வாய்க்கால் கரையில் ஒரு வாரம்

முரசுமோட்டையில் வாழும் 62 வயதான ஒருவர், வேகநடையிலோ 800 மீற்றர் ஓட்டத்திலோ போட்டியிட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வைத்தியரின் அனுமதி பெற்ற பிறகு, வாரத்தில் இரண்டு நாள் பலப் பயிற்சி, இரண்டு நாள் நடை அல்லது மென்னோட்டம், ஒரு நாள் வேகப் பயிற்சி, மீதி இரண்டு நாள் ஓய்வு என்ற ஒழுங்கு அவருக்குப் பொருந்தும். பலப் பயிற்சிக்கு மண்டபம் வேண்டியதில்லை. கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழுந்து அமர்தல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், படியில் நின்று குதிக்காலை உயர்த்தித் தாழ்த்தல், தண்ணீர் நிரப்பிய கலன்களை இரு கைகளிலும் ஏந்தி வளவைச் சுற்றி நடத்தல், மணல் பையை மேற்சொன்ன முறையில் நிலத்திலிருந்து எடுத்தல் ஆகியவை போதும். 5 லீற்றர் தண்ணீரின் நிறை 5 கிலோ என்பதால் ஏற்றத்தின் கணக்கும் எளிது. ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை, இரண்டு மூன்று சுற்று செய்து, கடைசித் தடவையும் ஒழுங்கு கலையாமல் வந்தால் மட்டுமே அடுத்த வாரம் பாரத்தைச் சிறிது கூட்ட வேண்டும்.

நடை நாட்களில் வேகத்தின் அளவுகோல் பேச்சுத்தான். உடன் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பாட முடியாதிருக்க வேண்டும். வேகப் பயிற்சி நாளில் முதலில் கால்மணி நேரம் மெல்ல நடந்து உடலைச் சூடாக்கிய பின், ஒரு நிமிடம் விரைந்தும் இரண்டு நிமிடம் மெல்லவும் மாறி மாறிச் செல்வதை ஆறு தடவையில் தொடங்கி, மாதங்கள் செல்லச் செல்லக் கூட்டலாம். முடிந்த பிறகு ஒற்றைக்காலில் நின்று சமநிலை பழகுவதை மறக்கலாகாது. அறுபத்தைந்து கடந்தோர் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே அறிவுறுத்துகிறது.

நகரத்துப் பயிற்சி நூல்களில் காணக்கிடைக்காத ஒரு விதியும் வயலூர்க்காரருக்கு உண்டு. விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் வயலில் செய்யும் வேலையையும் பயிற்சிக் கணக்கிலே சேர்க்க வேண்டும். பகல் முழுவதும் வரம்பு கட்டியவர் மாலையில் மணல் பை தூக்குவது அறிவீனம். அந்த வாரங்களில் நடையும் சமநிலையும் மட்டும் போதுமானவை. பெரும்போக அறுவடை முடிந்து வயல் ஓயும் நாட்களே பலத்தைக் கூட்டும் காலம். சோளகம் வறண்டு வீசும் மாதங்களில் சூரியன் எழுமுன் பயிற்சியை முடித்துவிட வேண்டும். வயதானவருக்குத் தாகம் பிந்தியே தெரிவதால், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் அருந்த வேண்டும்.

உணவும் வைத்தியமும்

சோறு நிறையவும் கறி சிறிதுமாக உண்ணும் நம் வழக்கம், பயிற்சி செய்யும் முதியவருக்குப் போதாது. மூத்த வயதில் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். கடும் பயிற்சி செய்பவருக்கு அதிலும் சிறிது கூடுதலாக வேண்டும். 60 கிலோ நிறையுள்ளவருக்கு இது 60 கிராமுக்குக் குறையாது. முட்டை ஒன்றில் ஏறக்குறைய 6 கிராமும், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராமும் உண்டு. குளத்து விராலும் ஜப்பான் மீனும், கௌபியும் பயறும் உழுந்தும், கச்சானும் எள்ளும், தயிரும் முருங்கையிலையும் கிடைக்கும் ஊரில், டப்பாக்களில் அடைத்து விற்கும் மாவுகளைத் தேடிப் பணம் செலவிட அவசியமில்லை. மூன்று வேளையும் இவற்றுள் ஒன்று தட்டில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

தொடங்குமுன் இரத்த அழுத்தத்தையும் சீனி வருத்தத்தையும் அரச வைத்தியசாலையில் பரிசோதித்துக்கொள்வது கட்டாயம். இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கு முன்சொன்ன துடிப்புக் கணக்குப் பொருந்தாது. நெஞ்சில் இறுக்கமோ, தலைச்சுற்றோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ கண்டால் அக்கணமே நிறுத்தி வைத்தியரை நாட வேண்டும். வவுனியா உள்ளிட்ட உலர்வலயப் பகுதிகளில் காரணம் துலங்காத சிறுநீரக நோய் பலரை வருத்தும் நிலையில், நோவுக்குளிசைகளைத் தாமாக வாங்கி விழுங்கிவிட்டு வெயிலில் ஓடுவது பேராபத்து. யுத்தத்தில் காயமுற்று இரும்புத் துண்டுகளை இன்றும் தேகத்தில் தாங்கி வாழ்பவர்கள், எந்த அசைவு தமக்குத் தகும் என்பதை வைத்தியரிடம் கேட்டறிந்தே தொடங்க வேண்டும். காலை இழந்தவர்களுக்கும் களம் அடைபட்டுவிடவில்லை. அமர்ந்தபடி குண்டும் ஈட்டியும் எறியும் போட்டிகள் உலகில் உண்டு.

தடை எது?

தேகமும் நிலமும் உணவும் தடையாக இல்லை என்றால், எது தடை? முதலாவது தடை வீட்டுக்குள் இருக்கிறது. "பேரப்பிள்ளையளைப் பாக்கிற வயதிலை உங்களுக்கேனம்மா இந்த ஓட்டம்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அன்பினால் எழும் கேள்விதான். ஆனால் அந்த அன்பு ஒரு தாயை நாற்காலியில் இருத்தி, அவள் காலின் பலத்தை நாளுக்கு நாள் கரைத்து, இறுதியில் பிறர் கைபிடித்தே எழவேண்டிய நிலைக்குக் கொண்டுவருகிறது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒரு முதியவரைப் பராமரித்த குடும்பத்துக்கு, ஓடும் ஒரு தாய் எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது தெரியும். பெண்களுக்கு இந்தத் தடை இருமடங்கு கனமானது. தனியே நடக்கக் கூச்சமும், உடையைப் பற்றிய பேச்சும், வீட்டு வேலையின் நெருக்கடியும் சேர்ந்துகொள்கின்றன. நாலைந்து பெண்கள் சேர்ந்து விடியற்காலையில் வீதியில் இறங்கினால் அந்தக் கூச்சத்தில் பாதி அன்றே தீர்ந்துவிடும்.

இரண்டாவது தடை பத்திரங்களைப் பற்றியது. வயதுப் பிரிவுப் போட்டிகள் யாவும் வயதின் அத்தாட்சியை வேண்டுகின்றன. வெளிநாட்டுப் போட்டிக்குக் கடவுச்சீட்டு இன்றியமையாதது. இடப்பெயர்வுகளில் பிறப்பத்தாட்சியைத் தொலைத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பௌஜா சிங் அவர்களுக்கு நேர்ந்தது நமக்கு நேராதிருக்க, பிரதேச செயலகத்திலே பிரதிக்கு விண்ணப்பிப்பதை இன்றே செய்துவிட வேண்டும். அது விளையாட்டுக்கு மட்டுமன்றி, வேறு எத்தனையோ உரிமைகளுக்கும் உதவும்.

மூன்றாவது தடைதான் மிகப் பெரியது. ஆனால் நீக்குவதற்கு மிக எளியதும் அதுவே. நம் ஊர்களில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் கழகங்களின் ஆண்டு விழாவிலும் விளையாட்டுப் போட்டிகள் நடக்கின்றன. அவற்றில் இளைஞருக்கு மரதனும், சைக்கிளோட்டமும், கயிறிழுத்தலும் வைத்துவிட்டு, முதியோரை அழைத்துச் சங்கீதக் கதிரையும் தேசிக்காய் ஓட்டமும் வைத்து, பார்ப்பவர் சிரிக்க ஒரு பரிசைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். மகிழ்ச்சிக்காக அவையும் இருக்கட்டும். ஆனால் ஒரு வருடம் பயிற்சி செய்த அறுபது வயதினருக்கு, தம் பலத்தை மெய்யாகவே அளந்து காட்ட ஊரில் ஓர் ஓட்டமாவது இருக்க வேண்டாமா? இலக்கு இல்லாத பயிற்சி நீடிப்பதில்லை. குறித்த நாளில் குறித்த தூரம் காத்திருக்கிறது என்ற எண்ணமே, பனி பெய்யும் மார்கழி விடியலில் ஒருவரைப் படுக்கையிலிருந்து எழுப்பும்.

ஆகவே முரசுமோட்டையிலும், கண்டாவளைப் பிரிவின் மற்ற ஊர்களிலும், வன்னியெங்கும் உள்ள விளையாட்டுக் கழகங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் எமது வேண்டுகோள் இது: வருகிற ஆண்டு விழாவிலே, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே ஒரு 800 மீற்றர் ஓட்டத்தையும் ஒரு 3000 மீற்றர் வேகநடையையும், நிறுத்தற்கடிகாரமும் நடுவரும் முதலுதவியும் வைத்து, முறையாக நடத்துங்கள். ஒவ்வொருவரும் எடுத்த நேரத்தைப் பெயரோடும் வயதோடும் கழகத்தின் ஏட்டிலே பதிந்து வையுங்கள். அடுத்த ஆண்டு அவர்கள் அந்த நேரத்தோடு போட்டியிடுவார்கள். வாசகர்களுள் அறுபதைக் கடந்தவர்கள் இந்த வாரமே வைத்தியசாலைக்குச் சென்று பரிசோதனையை முடித்துக்கொண்டு, அடுத்த வாரம் நடக்கத் தொடங்குங்கள். பிள்ளைகளாக இருப்பவர்கள், உங்கள் தாய்க்கோ தந்தைக்கோ ஒரு சோடி நல்ல சப்பாத்து வாங்கிக் கொடுங்கள்.